ஏணி எட்டாத உயரத்தில் தீ: கட்டளை எங்கிருந்து, எதை வைத்து?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் நடுத்தளத்தில் தீப்பிடித்தால், ஏணி எட்டாத அந்த உயரத்தில் தீயணைப்புத் துறையினர் எப்படி வேலை செய்கிறார்கள்? கீழே சாலையில் நிற்கும் பொறுப்பு அதிகாரி, தன் கண்ணுக்கே தெரியாத தீயை அணைக்க எதை வைத்துக் கட்டளையிடுகிறார்? ஹெலிகாப்டரில் தண்ணீர் ஊற்றினால் ஆகாதா? தீயணைப்புப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உயரமான கட்டடத்தின் தீயை வெளியே நின்று அணைப்பது மிக அரிது. அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைக் கொண்டு உள்ளே சென்றுதான் அணைக்கிறார்கள். ஆகவே பொறுப்பு அதிகாரிக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு செய்திகள் தெரிந்தாக வேண்டும். எந்தத் தளத்தில் தண்ணீர் என்ன அழுத்தத்தில் வருகிறது என்பது ஒன்று. எந்தத் தளத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால், வீரர்களிடம் துணிச்சல் குறைந்ததால் கெட்ட காரியம் அநேகமாக எதுவும் இல்லை; இந்த இரண்டு செய்திகளில் ஏதோ ஒன்று தவறாக இருந்ததால் கெட்டவையே மிகுதி.

ஏணியைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்தபோது, அந்நகரத் தீயணைப்புப் படையிடம் இருந்த மிக நீளமான ஏணி 32 மீட்டர். கட்டடமோ 67 மீட்டர் உயரம். பக்கத்து சர்ரே மாவட்டத்திலிருந்து 42 மீட்டர் ஏணி வண்டியைப் பின்னர் வரவழைத்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு லண்டன் 64 மீட்டர் ஏணிகளை வாங்கியது. நூறு மீட்டரைத் தாண்டி உயரும் வண்டிகளும் இன்று உலகில் உள்ளன. ஆனால் அவை நிற்பதற்குச் சமமான, உறுதியான தரை வேண்டும். நாற்புறமும் கால்களை விரித்து ஊன்ற இடம் வேண்டும். மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. காற்று ஓர் அளவுக்குள் வீச வேண்டும். இவை எல்லாம் அமைந்தாலும், சன்னலுக்கு வெளியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் சன்னலை ஒட்டிய பகுதியை நனைக்குமே தவிர, மூன்று சுவர்களுக்கு அப்பால் எரியும் அறையை எட்டாது. சன்னல் ஓரம் சிக்கியவர்களை இறக்குவதற்கும், வெளிச்சுவரில் ஏறும் தீயைத் தடுப்பதற்கும் ஏணி உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

உள்ளே சென்று அணைப்பது எப்படி? கட்டடத்தின் அடியிலிருந்து உச்சி வரை, படிக்கட்டை ஒட்டி ரைசர் என்னும் செங்குத்துக் குழாய் செல்கிறது. சில கட்டடங்களில் அது எப்போதும் தண்ணீர் நிரம்பி, கட்டடத்தின் சொந்த பம்புடன் இணைந்திருக்கும். அது வெட் ரைசர். சிலவற்றில் காலியாக இருக்கும். தீயணைப்பு வண்டி வந்து கீழே குழாயைப் பொருத்தி, தன் பம்பால் தண்ணீரை ஏற்ற வேண்டும். அது டிரை ரைசர். ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் செலவாகிவிடும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். எண்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே எட்டு பார் தேவை; அங்கே குழாயின் நுனியில் தண்ணீரைப் பீய்ச்சும் பிராஞ்ச் என்னும் முனைக்கருவி ஒழுங்காக வேலை செய்யத் தனியாக அழுத்தம் வேண்டும்.

வீரர்கள் லிஃப்டில் எரியும் தளத்துக்கே போய் இறங்க மாட்டார்கள். பெரும்பாலான நாடுகளில், தீ இருக்கும் தளத்துக்கு இரண்டு தளங்கள் கீழே இறங்கிவிடுவதே வழக்கம். புகையில்லாத அந்தத் தளத்தில்தான் முன்னணி முகாம் அமைகிறது. மூச்சுக் கருவி அணிபவர்கள் அங்கே தங்கள் பெயர்வில்லையைக் கழற்றிப் பலகையில் செருகுகிறார்கள். சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது, எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும் என்பவற்றை ஒருவர் எழுதிக்கொள்கிறார். பார்ப்பதற்குப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரிதான் இருக்கும். கீழே நிற்கும் அதிகாரியிடம் மேலே இருப்பவர்களைப் பற்றி உறுதியான கணக்கு என்று ஏதாவது இருந்தால், அது அந்தப் பலகை மட்டும்தான்.

சாதாரண வீட்டுத் தீக்கு இரண்டு வண்டி போதும் என்ற இடத்தில், உயரமான கட்டடத்துக்கு இருபது வண்டி வருவதைப் பார்த்து மக்கள் வியப்பதுண்டு. அத்தனை வண்டிகளும் வருவது ஆட்களுக்காகத்தான். முழு உடுப்பு, மூச்சுக் கருவி, குழாய்ச் சுருள் எல்லாம் சேர்ந்து ஒருவர் மேல் முப்பது கிலோ வரை ஏறுகிறது. லிஃப்ட் இயங்காவிட்டால் அந்தச் சுமையுடன் இருபது மாடி ஏறி வருபவர், தீயின் வாசலை அடையும்போதே பாதி களைத்திருப்பார். ஒரு சிலிண்டர், உழைக்கும் உடம்புக்கு அரை மணி நேரம் வந்தாலே பெரிது. எனவே குழாயைப் பிடித்து நிற்கும் ஒவ்வொரு இணைக்கும், அடுத்துப் போக ஓர் இணை தயாராக நிற்க வேண்டும். திரும்பிய இணை உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் வண்டியில் வந்த அதிகாரி முதல் ஐந்து நிமிடத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் கூடுதல் வண்டிகளைக் கேட்டுவிட வேண்டும். தீ பெரிதான பிறகு கேட்டால், அவர்கள் வந்து ஏறிச் சேர்வதற்குள் அது அடுத்த மாடியில் இருக்கும்.

கட்டடம் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்த ஒன் மெரிடியன் பிளாசா. 38 தளங்கள் கொண்ட அலுவலகக் கட்டடம் அது. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு எட்டரை மணியளவில் 22-ஆவது தளத்தில் தீப்பிடித்தது. மர வேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே சூடேறிப் பற்றிக்கொண்டன. எச்சரிக்கை மணி அடித்ததும் கட்டடப் பொறியாளர் லிஃப்டில் நேராக அந்தத் தளத்துக்கே பார்க்கப் போனார். கதவு திறந்ததும் புகையும் அனலும் உள்ளே பாய்ந்தன. கீழே இருந்த காவலர் லிஃப்டைத் திருப்பி இறக்கியதால் உயிர் பிழைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1988 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடம் எரிந்தபோது, இதே போல் லிஃப்டில் பார்க்கப் போன ஊழியர் அவ்வாறு பிழைக்கவில்லை.

வீரர்கள் வந்து, கீழ்த்தளங்களுக்கான லிஃப்டில் 11-ஆவது தளம் வரை போய், அங்கிருந்து படியேறினார்கள். அதற்குள் மின் கம்பிகள் சென்ற அறையையே தீ தாக்கிவிட்டதால் கட்டடம் முழுவதும் மின்சாரம் போயிற்று. அவசரகால ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. விளக்கு இல்லை, லிஃப்ட் இல்லை, பம்ப் இல்லை. இதுவாவது கண்ணுக்குத் தெரிந்த குறை. தெரியாத குறை ஒன்று ரைசர் குழாயில் இருந்தது. உயரமான கட்டடத்தில் கீழ்த்தளங்களில் அழுத்தம் அளவுக்கு மீறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு தளத்து வால்விலும் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பை வைப்பதுண்டு. இங்கே அதைத் தவறான அளவில் அமைத்திருந்தார்கள். வீரர்கள் கையில் இருந்த பிராஞ்சுக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் வேண்டும். வால்வில் வந்ததோ 60 பவுண்டுகூட இல்லை. கீழே வண்டியில் பம்பை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் குறைப்பது மேலே உள்ள வால்வு. அதைத் திருத்தத் தனிக் கருவியும் அது தெரிந்த ஆளும் வேண்டும். அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து சரிசெய்வதற்குள் பல மணி நேரம் ஓடி, தீ பல தளங்களைப் பிடித்துவிட்டது. இடையில் ஐந்து அங்குலக் குழாய்களை இருட்டுப் படிக்கட்டு வழியாகத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பணிக்காலத்துச் சோதனை ஒன்று நினைவுக்கு வரும். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒன்பதாவது மாடி வால்வுப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இரண்டு துடைப்பம், ஒரு கோலமாவு டப்பா, யாரோ குழந்தையின் பழைய மூன்று சக்கர வண்டி. பிராஞ்சைக் காணோம். வால்வையாவது திருப்பிப் பார்ப்போம் என்றால், சுவருக்கு வர்ணம் அடித்தபோது அதையும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள்; மூன்று பேர் மாற்றி மாற்றித் திருப்பியும் அசையவில்லை. அந்தக் கட்டடத்துக்குச் சான்றிதழ் முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

மெரிடியனுக்குத் திரும்புகிறேன். கட்டளையைப் பற்றிய பாடம் அங்கே தண்ணீரோடு முடியவில்லை. படிக்கட்டில் புகை தேங்கியதால், அதை வெளியேற்ற உச்சிக் கதவைத் திறக்கும் பொறுப்புடன் ஒரு கேப்டனும் இரண்டு வீரர்களும் மேலே ஏறினார்கள். சற்று நேரத்தில் வாக்கி டாக்கியில் செய்தி வந்தது: படிக்கட்டை விட்டு வெளியே வந்துவிட்டோம், 30-ஆவது தளத்தில் புகையில் திசை தெரியாமல் நிற்கிறோம். சன்னலை உடைக்க அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. பிறகு கேப்டன் விழுந்துவிட்டார் என்று ஒரு குரல். அதன்பின் ஒன்றுமில்லை. தேடுவோர் 30-ஆவது தளத்தையும் அதற்கு மேலும் தேடினார்கள். எட்டுப் பேர் கொண்ட ஒரு தேடுதல் குழு தானே 38-ஆவது தளத்து இயந்திர அறைகளில் வழி தவறி, காற்றும் தீர்ந்து, ஹெலிகாப்டர் மூலம் கூரையில் இறங்கிய வேறு குழுவால் மீட்கப்பட்டது. கடைசியில் ஹெலிகாப்டரின் தேடு விளக்கு வெளிச்சத்தில், தென்கிழக்கு மூலையில் உடைந்த சன்னல் ஒன்று தெரிந்தது. அது 28-ஆவது தளம். மூவரும் அங்கே இறந்து கிடந்தார்கள்.

இரண்டு தளம்தான் வித்தியாசம். இருட்டில், புகையில், முகமூடிக்குள் ஏறிக்கொண்டிருப்பவருக்கு மாடி எண்ணிக்கை தவறுவது மிக இயல்பு. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீழே இருப்பவர் அந்த எண்ணை நம்பித்தான் அடுத்த குழுவை அனுப்ப முடியும். அதனால்தான் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் தள எண்ணைப் பெரிதாக, டார்ச் வெளிச்சத்தில் தெரியும்படி எழுத வேண்டும் என்று எங்கள் துறைக்காரர்கள் தொண்டை வறள வலியுறுத்துகிறோம். இதில் நாட்டுக்கு நாடு வேறு சிக்கலும் உண்டு. அமெரிக்கர்கள் தரைத்தளத்தையே முதல் தளம் என்பார்கள்; நாம் அதற்கு மேலிருப்பதை முதல் மாடி என்கிறோம். நம் ஊரில் தொலைபேசியில் பேசும் பெண்மணி ‘நாலாவது மாடி’ என்றால், வாகன நிறுத்தத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பதினோரு மணி நேரம் போராடிய பிறகு, கட்டடம் இடிந்துவிடலாம் என்ற அச்சத்தில், காலை ஏழு மணியளவில் உள்ளே இருந்த அனைவரையும் வெளியேற்றும்படி கட்டளை வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் வேலை செய்த இடத்தைக் கைவிடச் சொல்வது, அதுவும் மூன்று பேரை இழந்த பிறகு, எந்த அதிகாரிக்கும் எளிதல்ல. என் பார்வையில் அன்று எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது அதுவே. தீ தன் போக்கில் ஏறி 30-ஆவது தளத்தை அடைந்தது. அந்தத் தளத்தில் குடியிருந்த நிறுவனத்தின் இடத்தில், வெப்பம் பட்டதும் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் பொருத்தியிருந்தார்கள். கீழிருந்து வண்டிகள் அதற்குத் தண்ணீர் செலுத்தின. பத்து ஸ்பிரிங்ளர் தலைகள் திறந்தன. தீ அதற்கு மேல் போகவில்லை.

ஒரு கதவைத் திறப்பதுகூடக் கட்டளைக்கு உட்பட்ட செயல் என்பதற்கு வேறொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். குழாயைப் படிக்கட்டிலிருந்து எரியும் தளத்துக்குள் கொண்டுபோனால், அந்தக் கதவு இனி மூடாது. தீயின் புகை முழுவதும் படிக்கட்டுக்குள் புகுந்து புகைபோக்கியில் போவது போல மேலே போகும். எனவே ஒரு படிக்கட்டைத் தாக்குதலுக்கும் மற்றொன்றை மக்கள் இறங்குவதற்கும் என்று பிரித்துவிட்டு, தாக்குதல் படிக்கட்டில் மேலே எவரும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். 2003 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் குக் கவுண்டி நிர்வாகக் கட்டடத்தின் 12-ஆவது தளம் எரிந்தபோது, படிக்கட்டில் இறங்கி வந்தவர்களைத் திரும்ப மேலே போகச் சொன்னார்கள். மேலே உள்ள தளங்களின் கதவுகளோ படிக்கட்டுப் பக்கமிருந்து திறக்க முடியாதபடி பூட்டிக்கொள்பவை. புகை நிறைந்த படிக்கட்டில் மேலும் போக முடியாமல், கீழும் வர முடியாமல் ஆறு பேர் இறந்தார்கள். தீ அடங்கி நெடுநேரம் கழித்தே அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

இனி கிரென்ஃபெல். அங்கே கேள்வி தண்ணீரைப் பற்றியதல்ல. திட்டத்தை மாற்றுவதைப் பற்றியது. பிரிட்டனில் குடியிருப்புக் கோபுரங்கள் ஒவ்வொரு வீடும் உள்ளே பிடித்த தீயை வெளியே விடாத தனிப் பெட்டகமாக அமையும்படி கட்டப்படுகின்றன. ஒரு வீட்டில் தீ என்றால் மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே இருக்கலாம் என்பது கொள்கை. படிக்கட்டு ஒன்றே, அதுவும் ஒரு மீட்டர் அகலம் என்னும்போது இந்தக் கொள்கைக்கு நியாயம் உண்டு. நள்ளிரவு 12.54-க்கு நான்காவது தளத்து வீடு ஒன்றின் சமையலறையில் தீ என்று அழைப்பு வந்தது. ஐந்து நிமிடத்தில் வண்டிகள் வந்தன. வழக்கமான முறைப்படி வீரர்கள் போய் அந்தச் சமையலறைத் தீயை அணைத்தும் விட்டார்கள். ஆனால் அதற்குள் அது சன்னல் வழியே வெளிச்சுவருக்குத் தாவியிருந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் முடிந்த புதுப்பிப்பின்போது சுவரில் ஒட்டியிருந்த அலுமினியத் தகடுகளின் நடுவே பாலிஎத்திலீன் என்னும் எளிதில் எரியும் பிளாஸ்டிக் இருந்தது. 1.27 மணிக்கெல்லாம் தீ உச்சியைத் தொட்டுவிட்டது.

முதலில் பொறுப்பேற்றவர் நிலைய அளவிலான அதிகாரி. சில வண்டிகளை நடத்தும் பயிற்சி பெற்றவர். வெளிச்சுவர் இப்படி எரியும் என்றோ, எரிந்தால் அத்தனை பேரையும் வெளியேற்றலாம் என்றோ அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2019 அக்டோபரில் வந்தது. 1.30-க்கும் 1.50-க்கும் இடையிலேயே வெளியேறச் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் கூடுதலான உயிர்கள் தப்பியிருக்கும் என்று அது கூறியது. உண்மையில் அந்த முடிவு வந்தது 2.47-க்கு. மொத்தம் 72 பேர் இறந்தார்கள். அறிக்கை தனி மனிதரைவிட நிறுவனத்தையே கூடுதலாகக் குற்றம் சொன்னது. அது சரி என்றே எனக்கும் படுகிறது. வீட்டிலேயே இருங்கள் என்று ஆயிரம் முறை சொல்லிப் பழகிய துறையில், அதை நேரெதிராக மாற்றும் அதிகாரத்தை முன்கூட்டியே வார்த்தையில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எரியும் கட்டடத்தின் முன்னால் நிற்பவர் அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல.

செய்தி போன வழியையும் பாருங்கள். சிக்கியவர் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அழைப்புகள் குவிந்ததால் வேறு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளும் எடுத்துப் பேசுகின்றன. அங்கிருந்து அது கட்டடத்தின் முன் நிற்கும் கட்டளை வண்டிக்கு வருகிறது. அங்கே ஒருவர் துண்டுச் சீட்டில் வீட்டு எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் எழுதுகிறார். கான்கிரீட் சுவர்களுக்குள் வாக்கி டாக்கி சரியாகக் கேட்காததால், அந்தச் சீட்டை ஒருவர் கையில் கொண்டு முன்னணி முகாமுக்கு ஓடுகிறார். முகாமில் அதைப் பார்த்துச் சுவரிலேயே எழுதிக்கொள்கிறார்கள். பிறகு ஓர் இணை மேலே போகிறது. அவர்கள் போய்ச் சேரும்போது குடும்பம் அங்கே இல்லை. புகைக்குப் பயந்து வேறு வீட்டுக்கோ மேல் தளத்துக்கோ போய்விட்டது. திரும்பி வந்து சொல்லும் பதிலோ கட்டுப்பாட்டு அறைக்குச் சரியாகப் போவதில்லை. ஆகவே அங்கே இருப்பவர் அடுத்த அழைப்பிலும் பழைய செய்தியையே வைத்துக்கொண்டு பேசுகிறார். கீழே நிற்கும் அதிகாரி எத்தனை திறமையானவராக இருந்தாலும், அவர் கையில் வருவது இருபது நிமிடத்துக்கு முந்தைய கட்டடம்.

இதனால்தான் பெரிய கட்டடத் தீயில் ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதில்லை. தீத்தளத்துக்கு ஒரு பொறுப்பாளர், தேடுதலுக்கு ஒருவர், தரைத்தள முகப்பில் லிஃப்டையும் படிக்கட்டையும் எண்ணிக்கையையும் கவனிக்க ஒருவர், தண்ணீருக்கு ஒருவர் என்று பிரித்து, அவர்கள் மட்டுமே தலைமை அதிகாரியிடம் பேசுவார்கள். ஒருவர் கீழ் நேரடியாக ஐந்து பேருக்கு மேல் இருந்தால் எதுவும் காதில் ஏறாது என்பது அனுபவம். கட்டடத்தின் பம்ப், லிஃப்ட் அறிந்த ஊழியரைக் கையோடு பக்கத்தில் நிறுத்திக்கொள்வது எழுதாத விதி. மெரிடியனில் அந்த வால்வுக்காரர் முதல் அரை மணியிலேயே வந்திருந்தால் கதையே வேறாகியிருக்கும்.

ஹெலிகாப்டரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் காட்டுத் தீக்கு உதவலாம். கட்டடத்தில் அது கூரையில் விழுந்து வழிந்தோடும், பத்து மாடி கீழே எரியும் அறைக்குப் போகாது. விசிறியின் காற்று தீயைத் தூண்டும். கிளம்பும் புகையும் வெப்பமும் அருகில் நிற்கவே விடாது. கூரைக் கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கும் என்பதால், ஆட்களை அங்கிருந்து தூக்கிவிடலாம் என்று நம்பி மேலே ஓடுவதும் ஆபத்து. கூரை புகையின்றி இருந்தால் ஒரு குழுவை அங்கே இறக்கவும், வெளிச்சுவரை வட்டமிட்டு எந்தச் சன்னலில் என்ன தெரிகிறது என்று கீழே சொல்லவும் அது பயன்படும். பிலடெல்பியாவில் அன்றிரவு அது செய்த வேலையும் அதுதான்.